நாலு மணிப் பசியும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டும்

வீட்டில் பாக்கெட் தீனியைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் முதலில் கை போவது அலமாரிக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்த பிஸ்கட், நூடுல்ஸ், சிப்ஸ் எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பார்த்தால் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கின்றன. யாரையும் குறை சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்குப் பசி, அந்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை, தெருமுனைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது, தாத்தா மடியில் சில்லறை இருக்கிறது. சமைத்தது கைக்கு எட்டாத நேரம் பார்த்துத்தான் பாக்கெட் வீட்டுக்குள் வருகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எந்தத் தீனியை நிறுத்தலாம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு எந்த நேரத்தைச் சரி செய்யலாம் என்று யோசியுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில். வீட்டுக்காரர் கடல் தொழில், நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், வீடு வந்து சேர ஐந்தரை ஆகிவிடும். ஏழாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், கூட மாமா, அதாவது என் மாமனார். இந்த வீட்டில் சரிப்பட்டு வந்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

எதைக் குறைக்கப் போகிறோம்

பதப்படுத்திய உணவு என்றதும் சிலர் பால் பாக்கெட்டையும் அவலையும் கருவாட்டையும் சேர்த்துப் பயப்படுகிறார்கள், அது வேண்டாம். உப்புப் போட்டுக் காயவைப்பது, புளிக்கவைப்பது, அரைப்பது எல்லாம் நம் ஆத்தா காலத்திலிருந்து செய்கிற வேலைதான். பிரேசிலில் கார்லோஸ் மொன்டெய்ரோ என்கிற பேராசிரியரின் குழு உணவை நாலு வகையாகப் பிரித்தது, நோவா என்று அதற்குப் பெயர். நம் ஊர் கணக்கில் சொன்னால் கரைக்கு வந்த சூடை மீன், முட்டை, நுங்கு, அரிசி இவை முதல் வகை. எண்ணெய், உப்பு, கருப்பட்டி, சீனி போல சமையலுக்குச் சேர்ப்பவை இரண்டாவது. கருவாடு, ஊறுகாய் மூன்றாவது. தொழிற்சாலையில் மாவையும் எண்ணெயையும் சர்க்கரையையும் பிரித்தெடுத்து, அதில் மணமும் நிறமும் வேறு என்னென்னவோ கலந்து பாக்கெட்டில் அடைத்து வருவது நாலாவது வகை. நாம் குறைக்கப் போவது இந்த நாலாவதைத்தான். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இதைத்தான் குறைக்கச் சொல்கிறது.

"பிள்ளைக்கு அடக்கமே இல்லை, ஒரு பாக்கெட் உடைத்தால் முடிக்காமல் விடமாட்டான்" என்று திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2019-இல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவர் 20 பெரியவர்களை ஓர் இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் இப்படிப்பட்ட தொழிற்சாலை உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு என்று கொடுத்துப் பார்த்தார். முன்னால் வைத்த இரண்டு விதச் சாப்பாட்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். அப்படியிருந்தும் தொழிற்சாலை உணவு கொடுத்த நாட்களில் ஒவ்வொருவரும் தினம் ஏறக்குறைய 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. வளர்ந்த ஆட்களுக்கே கை நிற்கவில்லை என்னும்போது ஏழு வயதுப் பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை.

முதல் வாரம் எதையும் நிறுத்தாதீர்கள்

ஒரு பழைய அரிசிப் பையை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். ஒரு வாரம் வீட்டில் யார் எதைத் தின்றாலும் காலி உறை அந்தப் பைக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான். யாரையும் கேள்வி கேட்காதீர்கள், கேட்டால் உறை பைக்கு வராது, வேலியோரம் போய்விடும்.

எட்டாம் நாள் திண்ணையில் அந்தப் பையைக் கொட்டினோம். 41 உறை. ஐந்து ரூபாய் சிப்ஸ், குச்சி வகை 19, பிஸ்கட் 11, நூடுல்ஸ் 4, மிட்டாய் சாக்லேட் 4, குளிர்பான பாட்டில் 3. மகன் ஒரே மாதிரி உறைகளைப் பிரித்து வரிசையாக அடுக்க, மகள் நோட்டில் எழுதினாள். ஒவ்வொன்றையும் எப்போது தின்றோம் என்று நினைவுபடுத்தி எழுதியதில்தான் விஷயம் தெரிந்தது. பாதிக்கு மேல் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்தரைக்குள். அப்புறம் காலை ஏழு மணி அவசரம், வீட்டுக்காரர் கடலுக்கு எடுத்துப் போகும் பொட்டலம், ராத்திரி பத்து மணிக்கு மேல் டீயோடு பிஸ்கட். நாலே நேரம்தான். 41 உறை என்றால் மலைப்பாக இருக்கிறது, நாலு நேரம் என்றால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் வேறு நேரமாக இருக்கும். எழுதிப் பாருங்கள், ஒரு தடவைக்கு ஒரு நேரத்தை மட்டும் கையில் எடுங்கள்.

உறையின் பின்பக்கம்

அதே திண்ணையில் உட்கார்ந்து இதையும் செய்துவிடலாம். எழுத்து பொடியாக இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள், அவர்களே படித்துக் கண்டுபிடித்தால் நாம் நூறு தடவை சொல்வதைவிட நன்றாக ஏறும். நம் நாட்டுச் சட்டப்படி பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். ஆகவே முதல் மூன்றைப் பார்த்தாலே போதும். ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர் என்றால் அது மைதா, முன்பக்கம் கோதுமைக் கதிர் படம் போட்டிருந்தாலும் சரி. இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் சர்க்கரையின் வேறு பெயர்கள்தான். உங்கள் அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப் பானையிலும் இல்லாத பெயர்கள் வரிசையாக வந்தால் அது நாலாவது வகை.

உப்புக்கு ஒரு சின்னக் கணக்கு. உறையில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. சோடியம் 1000 மில்லிகிராம் என்றால் உப்பு 2.5 கிராம். ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாள் முழுக்க 5 கிராம் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறதா, ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், இதில்தான் பலரும் ஏமாறுகிறோம்.

முதலில் குடிப்பதைக் கவனியுங்கள்

தீனியைத் தொடுவதற்கு முன்னால் பாட்டிலை நிறுத்துங்கள். இதுதான் சுலபம், பலனும் பெரிது. குளிர்பானங்களில் 100 மில்லிக்குப் பத்து கிராம் சர்க்கரைக்குப் பக்கத்தில் இருப்பது சாதாரணம். 250 மில்லி குடித்தால் 25 கிராம், ஒரு பெரிய ஆள் ஒரு நாளில் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை அதற்குள் அடங்குவது நல்லது என்கிறார்கள். பழப் படம் போட்ட பாட்டிலும் கணக்கில் இதேதான். பாலில் கலக்கும் சத்துமாவுப் பொடி டப்பாவையும் இதோடு பாருங்கள். இவற்றை ஹெல்த் டிரிங்க் என்ற பெயரில் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு அரசே சொன்னது. வெறும் பால் பிடிக்காத பிள்ளைக்குக் கொஞ்ச நாள் பொடியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாங்கள் மூன்று வாரத்தில் கால் கரண்டிக்கு வந்து பிறகு விட்டோம். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த எதுவுமே வேண்டாம்.

நம் கடற்கரையில் பிள்ளைகள் பாட்டிலுக்கு ஓடுவதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். நிலத்தடித் தண்ணீர் பல ஊர்களில் உப்புக் கரிக்கிறது, விலைக்கு வாங்கும் குடத்துத் தண்ணீரும் வெயிலில் சூடேறிக் கிடக்கிறது. அதைக் குடி குடி என்றால் எந்தப் பிள்ளை குடிக்கும்? ஒரு மண்பானை வாங்கி, நிழலில் மணல் பரப்பி அதன் மேல் வைத்து, கொஞ்சம் வெட்டிவேர் போட்டோம், பக்கத்தில் மகன் கைக்கு எட்டும் உயரத்தில் அவனுக்கென்று ஒரு டம்ளர். மோர் ஒரு சொம்பு எப்போதும் இருக்கும். குளிர்பான பாட்டில் மூன்றிலிருந்து மாதத்துக்கு ஒன்று ஆனது இப்படித்தான், நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலு மணி

இது பெரிய வேலை, இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். விதி ஒன்றுதான்: பிள்ளை பையைக் கழற்றி வைத்த இரண்டாவது நிமிஷம் கையில் எடுத்துத் தின்ன ஏதாவது இருக்க வேண்டும். சூடு பண்ண, தாளிக்க, அம்மா வரட்டும் என்றால் அவன் பெட்டிக்கடைக்குப் போய்விட்டான் என்று அர்த்தம்.

ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தாழ்வான அலமாரியில் வைத்து வாரம் தோறும் நிரப்புகிறோம். வறுத்த நிலக்கடலை, பொரிகடலை, பொரி, கடலை மிட்டாய். நாலைந்து வயது ஆகாத பிள்ளை வீட்டில் இருந்தால் முழுக் கடலை வேண்டாம், மூச்சுக்குழலில் போய் அடைத்துவிடும், பொடித்துக் கொடுங்கள். மேடையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவித்த முட்டை ஒரு நாள். சுண்டல் செய்தால் காலையில் அவித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு நாலு மணிக்குள் ஊசிப்போகும், தேங்காய் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் சுண்டலை விட்டுவிட்டு உலர்ந்த சாமான்களோடு நில்லுங்கள். அவலை நனைத்து, வாழைப்பழமும் துளி கருப்பட்டியும் பிசைந்து தின்ன மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது தம்பிக்கும் அவளே பிசைந்து கொடுக்கிறாள்.

மார்கழி, தை மாதத்தில் இந்த நாலு மணிக்கு நமக்குப் பனங்கிழங்கு இருக்கிறது, இதை விட்டுவிடாதீர்கள். மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, கிழங்கு மூழ்கத் தண்ணீர் ஊற்றி நன்றாக வேகவிடுங்கள். ஆறியதும் மேல்தோல் சரசரவென்று உரிந்து வரும். நெடுக்காகப் பிளந்து, நடுவில் ஈர்க்கு மாதிரி இருக்கும் நரம்பை உருவிப் போட்டுவிட்டு, ஓரத்து நாரைக் கிள்ளி இழுத்துவிட்டால் தின்னலாம். ஒரு கிழங்கை மென்று தின்ன ஐந்து நிமிஷமாவது ஆகும், அந்த ஐந்து நிமிஷத்தில் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிந்துவிடுகிறது. சிப்ஸ் நாக்கில் பட்டதும் கரைந்து போகிற சாமான், தின்றதே தெரியாது. என் மகன் உரித்த நாரைச் சேர்த்து வைத்துச் சவுக்கு மாதிரி பின்னிக்கொண்டு திரிவான், அதற்காகவே இன்னொரு கிழங்கு கேட்பான்.

காசுக் கணக்கும் பார்த்துவிடுங்கள். ஐந்து ரூபாய் சிப்ஸ் உறையில் எடையைப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். கிலோவுக்குப் போட்டால் நானூறு ரூபாய்க்கு மேல் வருகிறது. நிலக்கடலை அதில் பாதி விலைகூட இல்லை.

பெரியவர்களோடு பேசுவது

மாமா தினம் பேரனுக்குப் பத்து ரூபாய் கொடுப்பார். "மாமா, காசு கொடுக்காதீங்க" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். "பிள்ளை ஏங்கிப் போயிரும்த்தா" என்றார், முகம் வாடிவிட்டது. தப்பு என்னுடையது. அவருக்கு அந்தப் பத்து ரூபாய்தான் பேரனோடு இருக்கிற உறவு, அதைப் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றும் கொடுக்காமல் விட்டால் எப்படி? பிறகு அந்த டப்பாவை நிரப்புகிற பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். பத்து ரூபாயைச் சேர்த்து வைத்து, சனிக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு போய் கடலை, பொரி, பழம் வாங்கி வருகிறார். தூக்கிக் கொடுப்பது தாத்தாதான், வாங்குவது பேரன்தான், பொருள் மட்டும் மாறியிருக்கிறது. பெட்டிக்கடை அக்காவிடமும் சொல்லிப் பார்த்தேன், கடலை மிட்டாய் டப்பாவையும் பழத் தாரையும் முன்னால் வைத்திருக்கிறார், அவருக்கும் வியாபாரம் நடக்க வேண்டும் இல்லையா.

வெளிநாட்டிலிருந்து பெட்டி வருகிற வீடுகள் கீழக்கரையிலிருந்து தொண்டி வரை நிறைய. அங்கிருந்து ஆசையாக வாங்கி வந்த சாக்லேட்டையும் பழத்தூள் டப்பாவையும் வேண்டாம் என்று சொல்லி மனசை நோகடிக்காதீர்கள். புறப்படுவதற்கு முன்பே போனில் "பேரீச்சம்பழமும் பாதாமும் வாங்கிட்டு வாங்க மச்சான், பிள்ளைங்க அதைத்தான் கேக்குதுங்க" என்று சொல்லிவிடுங்கள். மீறி வந்த சாக்லேட்டை வந்தவர் கையாலேயே ஆளுக்கு ஒன்று என்று வாரம் ஒரு நாள் கொடுக்கச் சொல்லலாம்.

காலையும் கடலும்

காலை ஏழு மணிக்கு எங்களுக்கு நூடுல்ஸ், பிரட் இரண்டும் இருந்தன. மகனுக்கு அரசுப் பள்ளி, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அங்கேயே உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கிறது. அதைத் தின்றுவிட்டு வா என்று சொல்லிவிட்டால் வீட்டில் ஒரு ஆளுக்கான அவசரம் குறைந்தது. மகளுக்கு மாவு இருந்தால் தோசை, இல்லாத நாளில் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும். நூடுல்ஸை நான் முழுக்க நிறுத்தவில்லை. சனிக்கிழமை ஒரு நாள் உண்டு, மசாலாப் பொட்டலத்தில் பாதிதான் போடுவேன், கேரட், பீன்ஸ், முட்டை சேர்ப்பேன். ஒரேயடியாக நிறுத்திய வீடுகளில் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் போய்த் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

மீன் இருக்கிற நாளில் அதைவிட வேகமான சமையல் எது? சூடையோ நெத்திலியோ காரலோ வாங்கி, கழுவி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, புளித்தண்ணீர் பிரட்டிக் கல்லில் போட்டால் பத்து நிமிஷம். மிளகாய்த்தூளை மட்டும் நீங்களே திரித்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாக்கெட் மீன் மசாலா வாங்க அவசியமே இல்லை. முண்டு மிளகாயும் மல்லியும் கொஞ்சம் சீரகமும் மிளகும் வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்தால் மூன்று மாதத்துக்குக் கவலையில்லை.

கடலுக்குப் போகிறவர்கள் எடுத்துப் போவது பெரும்பாலும் பிஸ்கட்டும் மிக்சரும்தான், நனையாது, கெடாது என்பதால். வீட்டுக்காரருக்கு இப்போது நல்லெண்ணெய் ஊற்றிய புளிச்சோறு கட்டிக் கொடுக்கிறேன், கூடவே ஒரு டப்பா கடலை மிட்டாய். முதல் வாரம் "மிக்சர் எங்கடி" என்றார். படகில் கூட இருந்தவர்கள் புளிச்சோற்றில் பங்கு கேட்டதாக வந்து சொன்ன பிறகு, நாலு பேருக்குச் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்.

கருவாடு, கருப்பட்டி பற்றி ஒரு வார்த்தை

இரண்டும் நம் சாப்பாடு, இரண்டும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அளவு உண்டு. கருவாட்டில் உப்பு அதிகம். அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, குழம்பில் உப்புப் போடாமல் வையுங்கள். பிரஷர் உள்ளவர்கள் கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றையும் ஒரே நாளில் தொடக் கூடாது. கருப்பட்டியும் சர்க்கரைதான், சீனிக்குப் பதில் கருப்பட்டி என்று மாற்றிவிட்டு அளவை அப்படியே வைத்திருந்தால் ஒன்றும் குறையவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், பதநீரும் இதில் சேர்த்தி.

தடைக்காலம்

நம் கடற்கரையில் மிகக் கடினமான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்பிடிக்கத் தடை என்பதால் விசைப்படகு கடலுக்குப் போகாத 61 நாள், கையில் காசு இல்லை, மீனும் குறைவு, அதே சமயம் பள்ளிக்கூட விடுமுறை, பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். நாலு மணி என்று ஒரு நேரம் இல்லாமல் எல்லா நேரமும் நாலு மணி ஆகிவிடும். இதற்கு மாசி, பங்குனியிலேயே தயாராகுங்கள். நிலக்கடலை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, அவல் நாலையும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வையுங்கள். அதே காலத்தில்தான் பதநீரும் நுங்கும் வருகின்றன. காலையில் மரத்திலிருந்து இறக்கியதும் வாங்கிக் குடித்துவிடுங்கள், சுண்ணாம்பு தடவாத கலயமாக இருந்தால் வெயில் ஏற ஏறப் புளித்துவிடும். நாட்டுப்படகு மீன் கிடைக்கும் ஊராக இருந்தால் கரைக்கு நேரே போய் சின்ன மீனாக வாங்கிக்கொள்ளலாம், முட்டை எப்போதும் கை கொடுக்கும்.

போன தடைக்காலத்தில் மகளும் மகனும் தினம் ஒருவர் சாயங்காலத் தீனியைத் தீர்மானிப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். பாக்கெட் தவிர எது வேண்டுமானாலும் கேட்கலாம். புட்டு, கொழுக்கட்டை, அவித்த மரவள்ளி, ஒரு நாள் வெறும் தேங்காய்ச் சில்லும் பொரிகடலையும். சில நாள் முறை மாறிச் சண்டை வந்து சிப்ஸில் முடிந்தது, மறுநாள் திரும்பவும் தொடங்கினோம்.

ராத்திரி பத்து மணி பிஸ்கட்டை மட்டும் நாங்கள் இன்னும் தொடவில்லை. அது பெரியவர்கள் இரண்டு பேருடையது. பகல் நேரம் மூன்றும் நிலையாக நின்ற பிறகு ஆடியில் அதைக் கையில் எடுப்பது என்று வீட்டுக்காரரும் நானும் பேசி வைத்திருக்கிறோம், பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.